கடைமடைக்கு எட்டாத வைஃபை

ஆனி மாதம், சாரல் பிடித்த ஒரு நாள். செங்கோட்டையில் மதினி வீட்டு அடுக்களை மேடையில் இரண்டு ஃபோன்கள் அருகருகே இருந்தன. ஒன்று, மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழசு. இன்னொன்று, மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட உரிக்காத புதுசு. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருந்தன. பழசில் சமையல் வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடியது. புதுசில் அதே வீடியோ வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே கிடந்தது.

"தம்பி, பதினெட்டாயிரம் குடுத்து வாங்கிருக்கு. பழைய ஃபோன்ல ஓடுறது இதுல ஓடல. கடையில திருப்பிக் குடுத்துரலாமா?" என்றார் மதினி.

ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்தோம். பழசில் 22 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 22 மெகாபிட். புதுசில் 4. வீட்டுக்கு எடுத்திருப்பதோ 100 எம்பிபிஎஸ் திட்டம். இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் புது ஃபோன் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் அந்த ஃபோனில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால், பழசுக்குத் தெரியாத ஒரு வித்தை அதற்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அது திணறியதற்கும் அதுவே காரணம்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் குளத்துப் பாசனம் தெரியாதவர்கள் குறைவு. குளம் நிறைந்து கிடக்கும், மடையும் திறந்திருக்கும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல் மட்டும் வெடித்துக் கிடக்கும். அதற்காக யாரும் வயலைக் குறை சொல்வதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, மடையில் அடைப்பா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழே நடந்து பார்ப்பார்கள். வைஃபைக்கும் அதே நடைதான். தெருவிலிருந்து ரவுட்டர் வரை ஃபைபர் கம்பி. ரவுட்டரிலிருந்து ஃபோன் வரை காற்று. அதற்கப்புறம் ஃபோனுக்குள் நடப்பது. இந்த மூன்றில் எங்கே அடைப்பு என்று தெரியாமல் செட்டிங்ஸில் கண்டதையும் தட்டினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

முதலில் செய்ய வேண்டியது, ரவுட்டருக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்று அளப்பது. மதினி வீட்டில் ரவுட்டர் ரேழியில், வாசல் கதவுக்கு மேலே இருந்தது. கம்பியை எந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டார்களோ, அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். அங்கே நின்று பார்த்தபோது புது ஃபோனில் 93, பழைய ஃபோனில் 42 வந்தது. ஒரு நிமிடச் சோதனைதான், ஆனால் தெருக் கம்பியிலும் குறையில்லை, ஃபோனிலும் குறையில்லை, எல்லாம் ரேழிக்கும் அடுக்களைக்கும் நடுவில்தான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

ரவுட்டர் அருகிலும் எல்லா ஃபோன்களிலும் ஸ்பீட் வராவிட்டால் கதை வேறு. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பி வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம், கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் எப்போதும் 95 பக்கத்திலேயே நின்றால், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் நெட்வொர்க் கேபிளைப் பாருங்கள். அதற்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடி. நொடிக்கு ஆயிரம் மெகாபிட் என்ற ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எலி கடித்தோ, முனையில் சரியாகப் பதியாமலோ ஒன்று போனாலும் இரண்டு ஜோடியிலேயே ஓடும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அது பெரும்பாலும் இறங்கிவிடும். இன்னொன்று, திட்டத்தில் போட்டிருப்பது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது ஃபோன் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் அது முழு ஸ்பீட்தான், யாரும் ஏமாற்றவில்லை.

சரி, காற்றுக்கு வருவோம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைப் பட்டைகள் இருக்கும். ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ். 2.4 பட்டையை யாரும் உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் விதி வந்தது 2005-ல். 5 பட்டையில் பெரும்பகுதி அப்படித் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது 2018-ல். 2.4-ன் அலை நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று அதிகம். 5-ல் அது பாதிக்கும் குறைவு. நீள அலை சுவரைக் கடந்து தூரம் போகும், ஆனால் அதற்கு ஒதுக்கிய பாதை குறுகல். குட்டை அலைக்குப் பாதை அகலம், வேகமும் அதிகம், ஆனால் தடித்த சுவரைப் பார்த்தால் சோர்ந்துவிடும். நடுவில் சுவரே இல்லாமல் ஒரே சக்தியில் அனுப்பினாலும், அதே தூரத்தில் 5 பட்டையில் சாதாரண ஆண்டெனாவுக்குக் கிடைப்பது 2.4-ல் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். சுவர் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

மதினியின் பழைய ஃபோனுக்கு 5 பட்டையே தெரியாது. ஒற்றை ஆண்டெனாவில் 2.4 மட்டும் பேசும் அந்தக் காலத்து ஃபோனுக்கு ரவுட்டரோடு அதிகபட்ச இணைப்பு 72 எம்பிபிஎஸ். பேச்சுவார்த்தை, காத்திருப்பு எல்லாம் போக உண்மையில் கைக்கு வருவது அதில் பாதி அல்லது கொஞ்சம் மேலே. ரவுட்டர் பக்கத்திலேயே 42-க்கு மேல் ஏறாததற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த அலை அடுக்களை வரை தள்ளாடிக்கொண்டாவது வந்து சேர்ந்தது. புது ஃபோன் இரண்டு பட்டையும் தெரிந்தது. ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் எதைப் பிடிப்பது என்பதைப் பெரும்பாலும் ஃபோனே முடிவு செய்யும். மதினி ரேழியில் நின்று பாஸ்வேர்டு போட்டார், ஃபோன் வேகமான 5-ஐப் பிடித்தது. அப்படியே அடுக்களைக்கு நடந்தார். ஃபோனோ பிடித்ததை விடவில்லை. இணைப்பு அறுந்துபோகும் நிலை வரும்வரை பல ஃபோன்கள் விடுவதில்லை.

இந்த வீட்டின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அப்புறம் அடுக்களை. அகலம் கம்மி, நீளம் அதிகம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரையும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த ஊராக இருந்தது, அந்தக் காலத்தில் எழுந்த வீடுதான் இதுவும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக, முழங்கை போட்டு அளந்தால் ஒரு முழம் இருக்கும் சுவர்கள். ரேழியிலிருந்து அடுக்களைக்கு நேர்கோடு இழுத்தால் மூன்று சுவரைத் துளைக்க வேண்டும். போதாததற்கு இரண்டாம் கட்டில் ஒரு ஸ்டீல் பீரோ. இரும்பைத் தாண்டி அலை போகாது, பட்டுத் திரும்பிவிடும். அடுக்களையில் ஃபிரிட்ஜ், அலமாரி நிறைய எவர்சில்வர் பாத்திரம். தாத்தா காலத்தில் வெயிலும் சாரலும் உள்ளே வராமல் இருக்கக் கட்டிய சுவர், இன்று இந்த அலையையும் உள்ளே விடவில்லை.

சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற கணக்கில் சொல்வார்கள். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டால் ஆண்ட்ராய்டு ஃபோனில் பார்க்கலாம். எண்கள் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் சிரமமில்லாமல் போகும். மைனஸ் 80-ல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது, அதனால் 50-க்கும் 80-க்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு. அடுக்களையில் புது ஃபோன் 5 பட்டையில் மைனஸ் 81 காட்டியது. பழைய ஃபோனை அதே இடத்தில் 2.4 பட்டையில் அளந்தபோது மைனஸ் 66.

ஃபோன் திரையின் மேலே தெரியும் வைஃபை விசிறிக் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது என்பேன். ரவுட்டர் பேசுவது ஃபோனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஃபோன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்று காட்டாது. ரவுட்டர் கரண்டில் ஓடுவது, உரக்கப் பேசும். ஃபோன் பேட்டரியில் ஓடுவது, மெதுவாகத்தான் பேசும். பதில் காதில் விழாதபோது ரவுட்டர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். கோடு பாதிக்கு மேல் இருந்தும் வீடியோ சுற்றுவதற்கு இது ஒரு காரணம்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் காத்திருந்து, காற்று ஓய்ந்ததும் பேசுவார்கள். தூரத்தில் இருக்கும் ஃபோன் பிழை வராமல் இருக்க ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லும். பக்கத்தில் இருப்பவன் ஒரு நொடியில் முடிப்பதை அது பல நொடி இழுக்கும். அதுவரை கூடத்தில் இருக்கும் டிவியும் காத்திருக்க வேண்டும். அடுக்களையில் ஒரு ஃபோன் திணறினால் வீடு முழுக்க நெட் மந்தமாவது இதனால்தான். எல்லோரும் போய் ஸ்பீடு திட்டத்தை உயர்த்துகிறார்கள். குளத்தில் தண்ணீர் கூடினாலும் தூர்ந்த வாய்க்கால் தூர்ந்தபடியேதான் இருக்கும்.

சாரல் நாட்களில் நெட் மெதுவாகிறது என்று இந்தப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து தூறிக்கொண்டே இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் புகார் நிஜமும்கூட. ஆனால் மழைத் துளி வைஃபை அலையைத் தடுப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சில மீட்டர் தூரத்தில், இந்த அலைவரிசைகளில், அதன் பாதிப்பு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஈரம் ஊறிய சுவர் காய்ந்த சுவரைவிடக் கொஞ்சம் அதிகமாக அலையை உறிஞ்சும், அது உண்மை. அதைவிடப் பெரிய காரணம், மழைக்கு யாரும் வெளியே போவதில்லை. பள்ளிக்கு லீவு விட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபோனோடு உட்கார்ந்துவிடுவார்கள். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் அதே நிலை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர். 2.4 பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள், அதாவது பட்டைக்குள் பிரித்த பாதைகள், இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்று மூன்றுதான். அன்று நான் ஆப்பில் பார்த்தபோது ஏழு வீட்டு ரவுட்டர்கள் சேனல் 6-ல் குவிந்திருந்தன. மதினி வீட்டு ரவுட்டரை 11-க்கு மாற்றினேன். 3, 4, 9 என்று நடுவில் போடுவது நல்லதல்ல. இரண்டு பக்கமும் இடிபட வேண்டி வரும்.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். அது ஓடும் சில நிமிடங்களில் பக்கத்தில் இருக்கும் ஃபோன் திணறும், நின்றதும் தெளியும். புளூடூத்தும் அதே பட்டையில்தான் இருக்கிறது, ஆனால் சேனல் விட்டுச் சேனல் தாவிக்கொண்டே இருப்பதால் பெரிய தொல்லை தராது.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் இருக்கும் அக்கா வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. மாடி வீடு, கீழே ரவுட்டர், மேலே படுக்கையறை. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ரவுட்டரில் குச்சி போல நிற்கும் ஆண்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் மிகக் குறைவாகவே போகும். இரண்டு ஆண்டெனாவில் ஒன்றைச் சாய்த்துப் படுக்கவைத்தால் மாடிக்குக் கொஞ்சம் ஏறும். அக்கா வீட்டில் அதுவே போதுமானதாக இருந்தது. கேரள அரசு 2023 ஜூனில் கே-ஃபோன் என்று தன் சொந்த ஃபைபர் வலையையே தொடங்கிவிட்டது, கம்பி இப்போது மலையோர ஊர்களுக்கும் வருகிறது. வாசல் வரை வந்த கம்பிக்கு அப்புறம் இருக்கும் பத்து மீட்டர் காற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

இனி ஃபோனுக்குள். புது ஃபோன் வாங்கிய முதல் இரண்டு மூன்று நாள் வருகிற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய ஃபோனில் இருந்த படங்கள், வாட்ஸ்அப் பேக்கப், நாற்பது ஐம்பது ஆப்கள், அவற்றின் அப்டேட், ஃபோனின் சொந்த அப்டேட் எல்லாம் பின்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் மிச்சம் இருப்பதைத்தான் காட்டும். ஓர் இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும்.

அதற்கும் மேல் தொடர்ந்தால் சிலவற்றைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புது முகவரியை உண்டாக்கிக் கொடுக்கின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ரவுட்டரில் முகவரி வாரியாக ஸ்பீட் ஒதுக்கியிருந்தால், பழைய ஃபோனுக்குக் கொடுத்த பங்கு புதுசுக்குக் கிடைக்காது. நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஆப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய ஃபோனிலிருந்து ஆப்களை மாற்றும்போது அதுவும் கூடவே வந்திருக்கும். பின்னால் மாட்டும் கவரில் கார் ஹோல்டருக்காக இரும்புத் தகடு ஒட்டியிருந்தால் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். வைஃபை மந்தமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி சில ஃபோன்களில் உண்டு. மலையோரத்தில் டவர் சிக்னல் ஒரு மூலையில் இருக்கும், ஒரு மூலையில் இருக்காது. ஓடுவது எது என்றே தெரியாமல் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம், டேட்டாவும் தீர்ந்துகொண்டிருக்கும். அளக்கும்போது மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அளப்பது நல்லது.

ரவுட்டரில் மறைந்திருக்கும் ஒரு பழைய செட்டிங்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ரவுட்டராக இருந்தால், பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூஇபி என்றோ டிகேஐபி என்றோ இருக்கலாம். 2009-ல் வந்த வைஃபை தரம் முதற்கொண்டு, இந்தப் பழைய பூட்டுகளோடு அதன் புது வேகங்களைப் பயன்படுத்த அனுமதியில்லை. எவ்வளவு விலை உயர்ந்த ஃபோனாக இருந்தாலும் 2003-ஆம் ஆண்டுத் தரமான 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், கைக்கு வருவது 20 பக்கம். பூட்டும் எளிதில் உடைபடக்கூடியது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் வேகமும் வரும், பாதுகாப்பும் வரும். ஒரு நிமிட வேலை.

மதினி வீட்டில் இது எதுவும் பிரச்சினை இல்லை. அன்று உடனடியாகச் செய்தது, ரவுட்டரில் இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தது. 5-க்குப் பெயரின் கடைசியில் 'கூடம்' என்றும் 2.4-க்கு 'அடுக்களை' என்றும் சேர்த்தேன். புது ஃபோனை 'அடுக்களை'யில் சேர்த்ததும் அங்கேயே 38 வந்தது. அதற்கு இரண்டு ஆண்டெனா என்பதால் பழசைவிட அதிகம். வீடியோ ஓடியது.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. ரவுட்டர் இருக்க வேண்டிய இடம் வாசல் இல்லை, வீட்டின் நடு. நடுவில் திறந்த முற்றம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டென்டர் ஒன்று வாங்கலாமா என்று அண்ணன் கேட்டார். ஒரே ரேடியோ இருக்கும் மலிவான எக்ஸ்டென்டர், வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே காற்றில் செய்வதால் ஸ்பீட் பாதியாகிவிடும். அதுவும் அதை அடுக்களையில் மாட்டினால் அதற்கே சிக்னல் வராது. அதனால் கேபிள்கார அண்ணாச்சியை வரச் சொன்னோம். ஃபைபர் பெட்டியை ரேழியிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து பதினைந்து மீட்டர் நெட்வொர்க் கேபிளைக் கூடத்து உத்தரத்தின் ஓரமாக இழுத்து, முற்றத்தைப் பார்த்த தூணில் ஆளுயரத்துக்கு ரவுட்டரை மாட்டினார். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். இரண்டாம் கட்டின் கதவு வழியாக இப்போது அடுக்களைக்கு நடுவில் ஒரு சுவர்தான்.

இரண்டு பட்டைக்கும் மறுபடி ஒரே பெயர் வைத்தேன், இடத்துக்கு இடம் பெயரை மாற்றி மாற்றிப் பிடிப்பது மதினிக்குச் சிரமம் என்பதால். அடுக்களை மேடையில் புது ஃபோன் 5 பட்டையில் மைனஸ் 63 காட்டியது, ஸ்பீட் 88. மதினி அப்போதுதான் மேலே ஒட்டியிருந்த தாளை உரித்தார்.

பழைய ஃபோன் ஆச்சிக்குப் போயிற்று. ஆச்சி உட்கார்வது திண்ணையில், வாசல் கதவுக்கு வெளியே. ரவுட்டர் உள்ளே போனதால் இப்போது அந்த வீட்டின் கடைமடை அதுதான். அங்கே அளந்தால் 2.4 பட்டையில் 19 வருகிறது. சாயங்காலம் பக்திப் பாட்டுக் கேட்க ஆச்சிக்கு ஒன்றிரண்டே போதும்.